பதினோராவது கேள்வி

சித்தாண்டி முன்பள்ளி. ஐப்பசி.
பெயர் யதுர்ஷிகா,
வயது நாலும் இரண்டு மாதமும்.
"மழை வந்தால் என்ன செய்வாய்?"
கையேட்டில் விடை ஒன்றுதான்: குடை.

"கட்டிலுக்குக் கல்லு வைப்பம்."

பூச்சியம் போட்டேன்.
தயங்காமல்தான் போட்டேன்;
முப்பத்தொரு பிள்ளைகளுக்குப்
போட்டுப் பழகிய கை.

பிறகு எண்ணல்.
மரக்கட்டைகளைப் பாயில் கொட்டி
"நாலு எடு" என்றேன்.
எடுத்தாள்.
எண்ணிக் காட்டவில்லை. தவழ்ந்து போய்
என் மேசைக் கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஒன்று வைத்தாள்.
தள்ளி நின்று பார்த்து
முகம் சுளித்தாள்:
"இது சின்னன், மிஸ்.
தண்ணி ஏறிரும்."

தாளைத் திருப்பினேன்.
'அவதானிப்பு' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.

வெளியே தவமலர் டீச்சர்
பிள்ளைகளின் செருப்புகளை
உள்ளே அள்ளிக்கொண்டிருந்தார்.