கைப்பைக்கு ஏழு கிலோ

நாற்பத்திரண்டு நாள் லீவில் நாற்பது போயிற்று.
கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினேன்,
கொழுந்தன் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வாங்கினேன்,
ஆதாரில் தப்பாக நின்ற என் பெயருக்காக
நாங்குநேரி தாலுகா ஆபீசில்
மூன்று செவ்வாய்க்கிழமை நின்றேன்.
மிச்சம் இரண்டு நாள்.
"டவுனப் பாத்திருக்கியாம்மா?" என்கிறான் கிருபன்.
நான் நர்ஸிங் படித்ததே பாளையங்கோட்டையில்தான்.
"இல்லையேல" என்றேன்.

ஒன்பது வயது வழிகாட்டி
வேய்ந்தான்குளத்தில் இறங்கியதும்
டவுசர் பையில் கைவிட்டு முன்னே நடந்தான்,
அவன் அப்பாவின் அதே சாய்வில்.
"ஒனக்கு டிக்கெட் கெடையாது,
பொம்பளைகளுக்கு ஃப்ரீ.
எனக்கு மட்டும் அரை டிக்கெட் எடு."
எந்த பஸ் சமாதானபுரம் சுற்றும்,
எது நேரே ஜங்ஷன் போகும்
எல்லாம் தெரிகிறது.
யாரோடு வந்து படித்தாய் இதையெல்லாம்
என்று கேட்க வாயெடுத்து
சில்லறை தேடினேன்.

ஊசிக்கோபுரத்தின் அடியில் நிறுத்தி
அண்ணாந்து பார்க்கச் சொன்னான்.
"மேகம் ஓடும்போது பாரு,
கோபுரம் நம்ம மேல விழுதாப்ல இருக்கும்."
விழுந்தது.
இதே இடத்தில் ஒரு முறை
ஒருவனுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.
அவன் கிருபனின் அப்பா இல்லை.
வரவும் இல்லை.

அறிவியல் மையத்தில்
நிலாவில் நம் எடை சொல்லும் மிஷின்.
நான் பதினொன்று.
அவன் நான்கு.
இரண்டு தடவை ஏறி இறங்கி
நான்குதான் என்று உறுதி செய்துகொண்டான்.

பாலத்தின் நடுவில், வெயிலில்:
"இந்தப் பக்கம் பாளை, அந்தப் பக்கம் நெல்லை.
இப்ப நாம ரெண்டு ஊர்லயும் இல்ல."
கீழே தாமிரபரணியில் யாரோ
ஒரு மினி லாரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.
பனிரெண்டு வருஷமாய் நான் நிற்கிற இடத்தை
ஒரு பையன் கைநீட்டிக் காட்டிவிட்டு
லாரியின் நம்பரை வாசிக்கப் போய்விட்டான்.

ஈரடுக்குப் பாலத்தில் மேலே ஒரு முறை பஸ்ஸில்,
அப்புறம் இறங்கி வந்து கீழே ஒரு முறை நடந்து.
"துபாயில இப்படி இருக்கா?"
ஐந்தடுக்கு இருக்கிறது.
"இல்ல" என்றேன்.
அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

நெல்லையப்பர் கோயில் வாசலில்
செருப்பைக் கையில் பிடித்தபடி யோசித்தான்,
"நாம உள்ள போலாமா?"
போனோம்.
ஒரு தூணில் காதை வைத்தான்.
"ஒண்ணும் கேக்கல."
"தட்டுனாத்தான் கேக்கும்."
"தட்டக்கூடாதுன்னு போட்டிருக்கே."
பிறகு நானும் காதை வைத்தேன்.
கல் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அல்வாக் கடை வரிசையில்
முன்னால் நின்றவர் அவன் தலையைத் தடவி
"எந்த ஊரு, டூர் வந்தியளா?" என்றார்.
"இவங்கதான் டூர். நான் இங்கன உள்ளவன்."

ராத்திரி கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கினோம்.
முப்பத்தொன்றரை.
ஒன்றரையைக் கழிக்க வேண்டும்:
கருப்பட்டியா, வத்தலா,
மேட்ரனுக்கு வாங்கிய பத்தமடைப் பாயா?
"கைப்பைக்கு எவ்வளவும்மா விடுவாங்க?"
"ஏழு கிலோ."
விரலை மடக்கினான், விரித்தான்.
"நிலாலேர்ந்து கெளம்புனா
என்னை வச்ச பெறவும்
மூணு கிலோ எடம் கெடக்கும்லா."

அவர் டாக்ஸிக்காரனுக்குப் போன் போட
வாசலுக்குப் போனார்.
நான் அல்வாவை வெளியே எடுத்து வைத்தேன்.
பொட்டலத்தின் எண்ணெய் என் யூனிஃபார்மில் இறங்கி
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.
துவைக்கலாம் என்றால் இனி காயாது.
அப்படியே மடித்து அடியில் வைத்தேன்.
கிருபன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து
ஜிப்பைப் போட வழிசெய்துவிட்டு
அல்வாவைப் பிரித்தான்.