நான்காம் டிவிஷன்

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு
மெஹ்பூலாவிலிருந்து புறப்படும் கம்பெனி பஸ்ஸில்
கிட் பைகளுக்கு நடுவே என் மடக்கு நாற்காலியும் வரும்.
நான் ஆடுவதில்லை. ஒருநாளும் ஆடியதில்லை.
குளிர்பதனக் கிடங்கில் கோழிப்பெட்டி எண்ணுகிறவன்.
எண்ணிப் பழகிய கை
பந்துகளையும் எண்ணத் தொடங்கிவிட்டது.
அவ்வளவுதான்.

சுலைபியாவில் புல் இல்லை.
தண்ணீர் ஊற்றி உருளை ஓட்டிய மணலில்
பச்சைப் பாய் விரித்து
மூலைக்கு மூலை ஆணி அடித்தால்
மைதானம்.
கம்பெனியின் முதல் அணி
விளக்கு போட்ட இடத்தில் ஆடுகிறது.
முடிவு வாட்ஸப்பில் வரும், படத்தோடு.
எனக்கு அது வேண்டாம்.
நான் பார்ப்பது நான்காம் டிவிஷன்,
அதிலும் பந்து வீசும் பையன்களை மட்டும்.

ஜெரின், குளச்சல், எலக்ட்ரீஷியனுக்குக் கையாள்.
கடைசி எட்டுக்கு முன்
ஒரு சின்னத் தயக்கம்,
அலை தூக்கும்வரை காத்து நிற்கும் வள்ளம் போல.
அதைத் திருத்திவிடாதீர்கள் என்று
கேப்டனிடம் சொல்லத் தோன்றும்.
கோழி எண்ணுகிறவன் என்ன சொல்ல.

கஜீபன், மட்டக்களப்பு, இடக்கை.
காற்று எதிரே இருந்தால்
பத்துக்கு ஏழு பந்து உள்ளே திரும்பும்.
முதுகுக்குப் பின்னால் இருந்தால்
அவனும் நம்மைப்போல்தான்.

இர்ஷாத் குல், ஸ்வாபி.
பத்தொன்பது என்கிறான்,
சிவில் ஐடி இருபத்திரண்டு என்கிறது.
வாய் பொய் சொல்லலாம், அட்டையும் சொல்லலாம்.
யார்க்கர் மட்டும்
வாரா வாரம் ஒரே இடத்தில் விழுகிறது,
மட்டைக்காரனின் பெருவிரலுக்கு
ஒரு சாண் முன்னால்.

பிப்ரவரியில்
கம்பெனிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கைவிட்டுப் போனது.
முப்பத்தொரு பேருக்குக் கேன்சல்.
கஜீபன் பதினேழாவது பெயர்.
அவன் பக்கத்தில் கடைசியாக நான் எழுதியது
நான்கு ஓவர், பத்தொன்பது ரன், மூன்று விக்கெட்,
காற்று எதிரே.

ஜெரின் ஒரு பந்தைப் போட்டுவிட்டு
தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.
ஓவரில் இன்னும் இரண்டு பந்து பாக்கி.
போட்டான், இரண்டையும்.
சனிக்கிழமை
ஏணியில் வலதுகையைத் தூக்க முடியவில்லை.
இப்போது ஸ்லிப்பில் நிற்கிறான்.
ஸ்லிப்புக்கு என்னிடம் கட்டம் இல்லை.

மார்ச்சில் இர்ஷாதை மேலே கூப்பிட்டார்கள்.
நான்கிலிருந்து நேரே முதல் அணிக்கு.
பஸ்ஸில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தான்.
அந்த வெள்ளி அவன் இடத்தில் வீசியவன்
ஒன்பது வைடு போட்டான்.
ஒன்பதையும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டு ஓவர், முப்பத்தாறு ரன்.
அங்கே பந்து வெள்ளை, வெளிச்சம் வெள்ளை,
எதிரே நின்றவன் கால்விரலை
முன்கூட்டியே நகர்த்தி வைத்துக்கொண்டானாம்.
பஸ்ஸில் ஏறி
ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.
எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.
சொல்லக் கூடாது, ஆனாலும் இருந்தது:
இனி வெள்ளிதோறும் பார்க்கலாமே.
மாதாவரம் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர்
விற்காமல் திரும்பி வந்த சேவலை
இப்படித்தான் தடவிக் கொடுப்பார்.
அந்த நினைப்பு வந்ததும்
நோட்டை மூடிவிட்டேன்.

இன்று தூசிக்காற்று.
ஆட்டம் நின்று, எல்லோரும் பஸ்ஸுக்குள்.
அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
நோட்டைக் கேட்டான்.
எண்கள் அவனுக்குப் புரியும்.
தன் கோட்டைத் தானே கண்டுபிடித்து
விரலால் நகர்ந்தான்.
ஓரத்தில், அக்டோபர் தேதிக்குக் கீழே
தமிழில் இரண்டு வார்த்தை:
மேலே போவான்.

இது என்ன என்று இந்தியில் கேட்டான்.

காற்றைப் பற்றியது என்றேன்.

தலையாட்டினான்.
கண்ணாடியைக் கையால் துடைத்து
வெளியே பார்த்தான்.
பாயின் ஒரு மூலை ஆணி பிடுங்கி
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
எதிர்க்காற்றா என்றான்.
இறங்கினால்தான் தெரியும்.