வரவேற்பு

பாலாறு என்று பெயர்.
பின்சக்கரம் மணலில் அச்சுவரை புதைந்தபோது
இர்ஃபான் சொன்னான்:
"ஆறுன்னா நீந்தணும்டா. நாம தோண்டிக்கிட்டிருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரில் ஷிஃப்ட் இல்லை.
புல்லூர்ப் பக்கம் கரையேறி,
வண்டித்தடமும் முடிந்துபோன இடத்தில்
ஆட்டுத்தடத்தைப் பிடித்தோம்.
ஆட்டுக்கு வேண்டிய அகலம் ஒரு சாண்.
ஹேண்டில்பாருக்கு ஒரு பாகம்.
அந்தக் கணக்கை நான் போடவில்லை.

வளைவில் முன்சக்கரம் உருளைக்கல்லில் ஏறிச் சறுக்கியது.
விழுவதற்கு நிறைய நேரம் இருந்தது.
இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் சப்பாத்திக்கள்ளி.
பச்சையாய் இருப்பது மெத்தென்று இருக்கும் என
உடம்பே முடிவெடுத்துவிட்டது,
என்னைக் கேட்காமல்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
ஆந்திரப் பிரதேசம் தங்களை வரவேற்கிறது.

பெரிய முள்ளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன்.
வெள்ளையாய், விரல் நீளத்தில்,
இங்கேதான் நுழைந்தேன் என்று நின்று காட்டும்.
இழுத்தால் வரும். ரசீதாக ஒரு சொட்டு ரத்தம்.
அதன் அடியில் பூனைமயிர்போல் ஒரு கூட்டம் இருக்கிறதே,
தடவினால் பரவும், ஊதினால் இறங்கும்,
தொடையிலிருந்து எடுத்தால்
எடுத்த விரலுக்குக் குடிபெயரும்.

இர்ஃபான் முதலில் சிரித்தான்.
அப்புறம் என் முதுகைப் பார்த்தான்.
அவன் சிரிப்பை நிறுத்திய அந்த நொடிதான்
எல்லாவற்றையும்விட வலித்தது.
ஒரு முழு மடல் சட்டையோடு சேர்ந்து தைத்திருந்ததாம்.
பல் உடைந்த பாக்கெட் சீப்பை நுழைத்து நெம்பினான்.
வானத்தில் பருந்து ஒன்றுமில்லை.
கத்துவதைக் கேட்க ஆடுகூட இல்லை.

காலில் ரெக்சின் ஷூ, சந்தையில் வாங்கியது.
நான் தைப்பது வேறு:
ஏழாம் லைனில், நாளுக்கு இருநூற்று நாற்பது ஜோடி,
ஜெர்மனிக்காரர்கள் காட்டில் நடக்க.
ஆணியால் குத்திப் பார்த்துத்தான் சான்று ஒட்டுவார்கள்.

நாலு கிலோமீட்டர் தள்ளினோம்.
குப்பம் ரோட்டில் ரெட்டெம்மாவின் பஞ்சர் கடை.
வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"முந்து டைரா, மனிஷா?"

டயர் என்றேன். வெட்கம்தான் காரணம்.
டியூபைத் தொட்டியில் முக்கினாள்.
குமிழி வந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். ஐந்து.
என்னை முக்கத் தொட்டி இல்லாததால்
அழுத்திப் பார்த்து,
நான் கத்திய இடமெல்லாம் அதே சாக்பீஸால் வட்டம்.
பதினேழுக்குமேல் இர்ஃபான் எண்ணுவதை விட்டுவிட்டான்.

டயர் முள்ளைப் பிடுங்கிய குறடே எனக்கும்.
பூனைமயிருக்கு மட்டும் பஞ்சர் சொல்யூஷன்:
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பூசி,
பீடி ஒன்று புகையும் நேரம் காயவிட்டு,
ஓரத்தைத் தூக்கி ஒரே இழுப்பு.
முள் வந்தது. மயிர் வந்தது.
எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் வந்தது.
அவற்றில் இரண்டு சொற்களுக்கு
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டைருக்கு இருநூறு.
மனிஷிக்கு போர்டுல ரேட் ராயலேது."

திரும்பும்போது மீண்டும் போன் அதிர்ந்தது.
தமிழ்நாடு வரவேற்றது. எடுத்துப் பார்க்கவில்லை.

புதன்கிழமைவரை வலது ஆள்காட்டி விரலில்
ஒன்று மிச்சமிருந்தது.
மிஷினில் தோலைத் திருப்பும்போதெல்லாம்
நான் இருக்கிறேன் என்று சொல்லும்.
வியாழன் காலை, டீ மணிக்குச் சற்றுமுன்,
சொல்வதை நிறுத்தியது.

விரலைப் பார்த்தேன். சுத்தமாய் இருந்தது.
கையில் நாற்பத்துமூன்றாம் சைஸ், இடதுகால், உள்தோல்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
தடவிப் பார்க்கலாம்தான்.
தடவினால் பரவும்.

சூப்பர்வைசர் தேவகிருபை கடிகாரத்தைப் பார்த்தார்.
கூடையில் போட்டேன்.
அடுத்த ஜோடியை எடுத்தேன்.

குளிர்காலத்தில், பைன் மரங்களுக்கு நடுவில்,
யாரோ ஒருவன் நின்று
இடது பூட்ஸை மட்டும் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிவிட்டு,
மறுபடி போட்டு நாலடி நடந்து,
மறுபடி கழற்றுவான்.