பிள்ளை கூட்டுதல்

பள்ளத்தூர் அடகுக்கடையிலிருந்து மூன்றாவது போன்:
பிப்ரவரி வட்டி ஒரு நாள் கூடுதலாம்.
காரைக்குடி, செக்காலை ரோட்டு மாடி. நாங்கள் நாலு பேர்.
கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போதெல்லாம்
மேசை லேசாக நடுங்கும்.

"வெளியில ஒரு லைப்ரரி இருக்கு. இலவசம்.
மூணு வரி, முடிஞ்சுது" என்றான் வயிரவன்.
உமையாள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"எந்தக் கோயில்?"

சிரித்தோம்.
அவள் தம்பியை ஏழு வயதில்
பெரியப்பா வீட்டுக்குப் பிள்ளை விட்டார்கள்.
மஞ்சள் நீர் குடித்துவிட்டு
இழுப்போடும் நாய்ப் பயத்தோடும் போனானாம்.

பிறகுதான் விசாரித்தோம்.
ஒன்றைக் கூப்பிட்டால் நாற்பத்தொன்று
பந்தியில் வந்து உட்கார்கிறது.
உரிமம் பரவாயில்லை.
பார்த்துக்கொள்பவர் ஒரே ஆள், எங்கோ பனி ஊரில்;
கடைசியாக எழுதியிருந்தார்:
குழந்தை பிறந்திருக்கிறது, பதில் தாமதமாகும்.
"ரெண்டு வருஷமாச்சு. அது இப்போ ஓடும்"
என்றார் ஜெபமாலை.

நாமே எழுதினால் ஒன்பது நாள்.
நாமே எழுதியதுதானே இப்போது உதைக்கிறது
என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை;
எழுதியவன் நான்.

நாலாவது போன் வந்தது.

கூட்டிக்கொண்டோம்.
ஒரே ஒரு வாசல் வைத்து,
நாளைக்கே ஒத்துவராவிட்டால்
அந்தக் கதவைச் சாத்தினால் போதும் என்கிற மாதிரி.
பிப்ரவரி அடங்கியது.

"நம்ம பேரை வச்சிடலாமா, பார்க்க ஒழுங்கா இருக்கும்"
என்றான் வயிரவன்.
உமையாள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.
"பேரை மட்டும் மாத்தாத."