நாலாவது கிராஸ்மெம்பர்

ஒரு நடைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.
கருங்கலிலிருந்து குலசேகரம் போனாலும் அதுதான்.
திங்கள்நகரில் இறக்கிவிட்டு
லாரி வெறுதே திரும்பினாலும் அதுதான்.
என் ஹிட்டாச்சி தானாக நடந்து போனால்
தார் ரோடு கிழியும்,
பிறகு ஊர்க்காரன் என்னைக் கிழிப்பான்.

ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த ரெத்தினபாய்
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து
தரையில் கொட்டி எண்ணினாள்.
போன வருஷம் மட்டும் எழுபத்தொன்று.
"வேற எவனுக்கோ நாம லாரி வாங்கிக் குடுத்திருக்கோம்" என்றாள்.
மூச்சு விடாமல் இதையும் சொன்னாள்:
"ஓடாத நாளும் தவணை ஓடும். ஓர்மை இருக்கட்டு."

குழித்துறைப் பாலம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள்
பதினோரு வயது டாரஸ், பத்து சக்கரம்.
மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயவில்லை,
சாய்ந்து நின்ற என் சட்டைக்கு ஒட்டிக்கொண்டது.
"ஒரே ஓனர். கண்ண மூடிட்டு எடுக்கலாம்"
என்றான் சோபிதராஜ்.
கண்ணை மூடவா நான்
தக்கலையிலிருந்து பீர்க்கண்ணைக் கூட்டிவந்தேன்?

பீர்க்கண்ணு அதிகம் பேசமாட்டார்.
வண்டியை உயிர்ப்பித்து, ஆயில் மூடியைத் திறந்து
உள்ளங்கையை மேலே காட்டி நின்றார்,
காய்ச்சல் பிள்ளையின் மூச்சைப் பார்ப்பவர் மாதிரி.
டயரில் நாலுக்குப் பட்டன் உண்டு, ஆறு வழுக்கை.
பிறகு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் போனார்.
சுத்தியல் சத்தம் மட்டும்:
டங்.
டங்.
டங்.
டொக்.

"நாலாவது கிராஸ்மெம்பர். வெல்டு வெச்சு
மேல பெயிண்ட் அடிச்சிருக்கான்."

சோபிதராஜ் ரப்பர் மரத்தில் கட்டியிருந்த சிரட்டையைப் பார்த்தான்.
என்ன ஓடின வண்டி என்று கேட்டேன்.
"கல்லுதான். ராத்திரி. அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்றால்
களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்.
கல் என்றால் இந்தப் பக்கத்துக் கல்.
சொந்த வண்டி வாங்குமுன் நான்
ஒரு குவாரியில் ராத்திரி ஆபரேட்டர்.
பதினாறு டன்னுக்கு வண்டி நிறைந்துவிடும்.
கேபினிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு
இரண்டு விரல் காட்டும்.
இன்னும் ரெண்டு பக்கெட்.
போடுவேன்.
பக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய், கையோடு கையாக.
இருட்டில் எந்த வண்டியின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

அந்த விரிசலைக் காட்டித்தான்
நாற்பத்தைந்தாயிரம் குறைத்தேன்.
எனக்கே வெட்கமாக இருந்தது;
குறைத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ஆர்.சி., எஃப்.சி. நாலு மாதம், கட்டாத மூன்று அபராதம்,
பைனான்ஸ்காரனின் தடையில்லாச் சான்றுக்கு
நாகர்கோவிலுக்கு ஐந்து முறை.
பீர்க்கண்ணு பழைய வெல்டை அறுத்தெறிந்து
இரும்புத் தகடு வைத்து இரண்டு பக்கமும் தைத்தார்.

முதல் நடை வேர்க்கிளம்பிக்கு.
மண்மேட்டில் பின்பக்கம் ஒட்டி நிறுத்தி
ஹிட்டாச்சியை ஏற்றினேன்.
பதினாலு டன் வந்து உட்கார,
பட்டைகள் ஒருமுறை முனகின. பிறகு அடங்கின.
கம்பின் நுனியில் குறுக்குச்சட்டம் அறைந்து
கேபிள் ஒயர்களைத் தூக்கிவிட அஜின் மேலே நின்றான்.
அழகியமண்டபம் வேகத்தடையில்
என் காது மட்டும் இறங்கி
அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

இறக்கி முடிந்தது.
பார்ட்டி கட்டன்சாயா நீட்டினார்.
"சும்மாத்தானே திரும்புது? நம்ம பாறப்பொடி கொஞ்சம் கெடக்கு.
போற வழி. வாடகை தாறேன்."
கையால் குவியலைக் காட்டினார்.
பார்த்தவுடனே தெரிந்தது, பதினாறு தாண்டும்.

மாதம் முப்பத்தோராயிரத்து நானூறு.
தேதி இருபத்தாறு.

குனிந்து அடியில் பார்த்தேன்.
தகடு புதுசாக, கறுப்பாக இருந்தது.
நிமிர்ந்தபோது
"எத்தனை பக்கெட் வரும்?" என்று
என் வாய் கேட்டுக்கொண்டிருந்தது.