மேசை ஏழு

செவ்வாய் மாலை ஆறரை.
கான்சாஸ் காற்று ஜன்னலில் மணலை எறிந்துகொண்டிருந்தது.
தட்டில் ஒரு பன்றி இதயம்,
பார்மலின் நெடி.

நாங்கள் கையுறை மாட்டி முடிக்குமுன்
ஓடாலிஸ் அதை இரண்டாகப் பிளந்துவிட்டாள்,
ஒரே இழுப்பில்,
வால்வின் ஓரம்கூடப் பிசிறாமல்.
"ஒன்பது வருஷம்" என்றாள்,
"மாட்டிறைச்சி ஆலை. நிமிடத்துக்கு ஆறு."

ஆனால் பெயர்கள் அவளிடம் ஒட்டுவதில்லை.
போன தேர்வில் இடது வெண்ட்ரிக்கிளுக்கு
"தடித்த பக்கம்" என்று எழுதியிருந்தாள்.
அரை மதிப்பெண்.
அவள் சண்டை போடவில்லை; நான் போட்டேன்.

அடுத்த வாரம் கை.
பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குச் சுண்டுவிரல் இல்லை,
யாரோ திருடிப் போய் நான்கு பருவம் ஆகிறதாம்.
மணிக்கட்டில் எட்டு எலும்புகள்:
படகு, பிறை, பட்டாணி...
அவற்றின் மேல் ஒரு பட்டை நாடா,
நாடாவுக்கு அடியில் சந்து,
சந்துக்குள் ஒன்பது தசைநாண்களோடு
நெருக்கியடித்துப் போகும் நடு நரம்பு.

வீங்கினால் எந்த விரல்கள் மரத்துப்போகும்?
ஹேவர்கேம்ப் கேட்டார்.

பக்கம் புரட்டும் சத்தம்.
ஓடாலிஸ் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடு,
மோதிர விரலில் பாதி.
"பாதிதான்" என்றாள், "இந்தப் பக்கம் மட்டும்.
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உதறினால் விடும்.
ஆலை நர்ஸ் ஐஸ் வைக்கச் சொன்னாள்."

அவர் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் அட்டையில் எழுதினாள்,
நடு நரம்பு,
எழுத்தெழுத்தாக,
பேனா இரண்டு முறை நழுவ.