இருபதாம் தேதி

சீலநாயக்கன்பட்டி பைபாஸில்
டயருக்கு மறுபட்டன் போடுகிறேன்.
தேய்ந்ததைச் சீவி, பசை தடவி, புது ரப்பர் சுற்றி
சேம்பரில் வேகவைத்து எடுத்தால்
இன்னொரு டயர் ஆயுசு ஓடும்.
பொய் செல்லாத தொழில்.
சொன்னால் தொப்பூர் கணவாயில் தெரிந்துவிடும்.

கணக்கு மட்டும் உமாபதியிடம்.
ஆடிட்டர் என்போம், அவரும் மறுக்க மாட்டார்.
ஐந்து ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
மாதம் எழுநூற்றைம்பது, ரசீது கிடையாது.
வரிப்பணம் தனியாக, பழுப்பு உறையில்.
"நீங்க டயரைப் பாருங்க
இதை நான் பார்த்துக்கறேன்."

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய வாரம்
பேங்கில் என் கணக்கை முடக்கியிருந்தார்கள்.
அரூர் லாரிக்காரர் போட்ட பணம் உள்ளே,
நான் கண்ணாடிக்கு வெளியே.
ஏழு மாதமாக ரிட்டர்ன் போகவில்லையாம்.
நோட்டீஸ் மூன்று வந்ததாம்.
யாருக்கு?
பதிவில் என் கடைப் பெயர், என் ஆதார்,
என் அப்பா மாதையன் பெயர்,
இரவல் சட்டையில் என் முகம்.
செல்போன் எண் மட்டும் உமாபதியுடையது.

நான் படியேறும்போது
கையில் இரும்பு ராடு இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.
ஹெல்மெட்தான்.

மேலே எனக்கு முன்பே ஆட்கள்.
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்,
ஆத்தூர் ஜவ்வரிசித் தரகர்,
ஏற்காட்டின் இருபது வளைவும் இறங்கி வந்த
மிளகு வியாபாரி ஸ்டெல்லாம்மா,
இந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து.
எல்லார் வாயிலும் ஒரே கெட்ட வார்த்தை.
அந்த அம்மா மட்டும் ஏசப்பா என்றார்,
அதே தொனியில்.

உமாபதி இல்லை.
கோகிலவாணி இருந்தாள், சம்பளம் எட்டாயிரம்.
முந்நூறு கடைகளின் கடவுச்சொல்
ஒரு நாற்பது பக்க நோட்டில்,
பாதி பென்சிலில்.
"சர்வர் போகலைங்கண்ணா."
கத்தினேன்.
அவள் பதில் சொல்லாமல் திரையைத் திருப்பினாள்.
நடுவில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
சேற்றில் இறங்கிய லாரிச் சக்கரம்
இப்படித்தான் சுற்றும்.
இறங்கித் தள்ளினால் அது ஏறிவிடும்.

ஒன்று கேட்கிறேன்.
சந்தையில் சுங்கம் பிரிக்கிறவன்
என்னிடம் மூன்று சொல்தான் பேசுகிறான்:
எத்தனை, இவ்வளவு, எடு.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த ஆட்டுக்காரனிடம் போய்விடுகிறான்.
கொடுக்க மாட்டேன் என்றா சொன்னேன்?
என் பணத்தை என் சர்க்காருக்குக் கொடுக்க
நடுவில் ஒரு பூசாரி எதற்கு?
அவர் உண்டியலையும் தானே வைத்துக்கொள்வது எதற்கு?
ஒரு தாள் போதும்.
எவ்வளவு விற்றாய், எவ்வளவு தரணும்.
தமிழில்.
எட்டாவது படித்தவனுக்குப் புரிகிற மாதிரி.
அதை எழுத முடியாதவர்களா
இத்தனை அட்டவணை எழுதினார்கள்?

அபராதம் கட்டினேன், தினக்கணக்கில்.
ஏழு உறையில் மூன்றுதான் திரும்பி வந்தது.
மீதிக்கு இன்னும்
"வெள்ளிக்கிழமை வாங்க."

எண்ணை மாற்றினேன்.
இந்த மாதம் நானே போடுவேன் என்று
இருபதாம் தேதி ராத்திரி
ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன்.
ஆறு இலக்கம் வந்தது.
பேப்பர் கிடைக்காமல்
பக்கத்திலிருந்த டயரில் சாக்பீஸால் எழுதினேன்.
அடுத்த கட்டம், அடுத்த கட்டம்.
ஒரு கட்டத்தில் சிவப்பாக ஏதோ சொன்னது.
மறுபடி போட்டேன்.
மறுபடியும் அதையே சொன்னது.
பதினொன்று நாற்பது.
நாளை விடிந்தால் அபராதம் தொடங்கும்.

கை தானாகவே
பழைய எண்ணைத் தேடியது.
பெயரை மாற்றி வைத்திருந்தேன்: திருடன்.

இரண்டாவது மணியிலேயே
எடுத்துவிட்டார்.